சூட்டுக்கோல் வாங்கப் போகிறீர்களா?

மரப்பலகையின் மேல் சூடேறிய உலோக முனையால் கோடு இழுத்து, மரத்தையே கருக்கிப் படம் வரையும் கலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இதைப் பைரோகிராஃபி என்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘பைர்’ என்றால் தீ. ‘கிராஃபோ’ என்றால் எழுதுவது. எங்கள் மறைமலை நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் (1876–1950) வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். அவர் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு நாமும் இதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்வோமே! சூட்டோவியம் என்று சொல்லலாம். அதற்கான கருவி சூட்டுக்கோல்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். மூங்கிலில் சூடான இரும்புக் கம்பியால் துளையிட்டுப் புல்லாங்குழல் செய்வது நம் நாட்டுப் பழைய வழக்கம். தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கி, அதைக் கொண்டே குழலில் துளையிடும் இடையனைச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சத்தீஸ்கர் மாநிலத்தின் பஸ்தர் பகுதியில் பழங்குடிக் கைவினைஞர்கள் காய்ச்சிய இரும்பால் மூங்கிற் குழல்களிலும் சுரைக்குடுக்கைகளிலும் கோலங்கள் தீட்டுகிறார்கள்.

இப்போது இந்தக் கலைக்கான மின்கருவிகள் இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ‘60 வாட்! 40 முனைகள்!’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பல மாணவர்கள் வாங்க ஆசைப்படுகிறார்கள். எதை வாங்கலாம் என்று நீங்கள் கேட்டால் என் கருத்து இதுதான்: முனைகளை எண்ணாதீர்கள், வாட்டையும் பார்த்து மயங்காதீர்கள். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, எந்த மரத்தைச் சுடப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். கருவியைத் தேர்வதில் தவறினால் பணம்தான் போகும். மரத்தைத் தேர்வதில் தவறினால் உடல்நலம் கெடும்.

வாட் வேறு, வெப்பநிலை வேறு

உங்கள் வீட்டுத் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று வைத்துக்கொள்வோம். அதன் அடித்தகடு ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். பழைய குண்டு பல்பு வெறும் 40 வாட்தான். ஆனால் அதற்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையோ 2,000 டிகிரிக்கும் மேல் சூடாகிறது! வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. வெப்பநிலையில் பத்து மடங்கு. எப்படி?

வாட் என்பது ஒரு விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் உள்ளே வருகிறது என்பதன் அளவு. வெப்பநிலையோ, உள்ளே வரும் ஆற்றலும் வெளியே கசியும் ஆற்றலும் எந்த இடத்தில் சமமாகின்றன என்பதைப் பொறுத்தது. இஸ்திரிப் பெட்டியின் அகன்ற தகடு வெப்பத்தை நாலாபுறமும் இழந்துகொண்டே இருக்கிறது. பல்பின் இழை மயிரைப் போல மெல்லியது. வெப்பம் வெளியேறப் பரப்பு மிகக் குறைவு. ஆகவே அது மிக அதிகமான வெப்பநிலைக்குப் போன பிறகுதான் சமநிலை ஏற்படுகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘60 வாட்’ என்பது முனை எவ்வளவு சூடாகும் என்பதைச் சொல்லவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கடைகளில் மூன்று வகைச் சூட்டுக்கோல்கள் உண்டு. முதலாவது, ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் போன்றது. உள்ளே ஒரு சூடேற்றும் சுருள், நுனியில் பித்தளை அல்லது செம்பு முனை, அவ்வளவுதான். சூட்டை மாற்ற வழியில்லை. இரண்டாவது, அதே அமைப்புடன் கைப்பிடியில் அல்லது கம்பியில் ஒரு திருகு உள்ளது. அதைத் திருப்பிச் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். மூன்றாவது வகையில் ஒரு மின்மாற்றிப் பெட்டி இருக்கும். அது 230 வோல்ட்டை இரண்டு மூன்று வோல்ட்டாகக் குறைத்து, பல ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு சிறு நிக்ரோம் கம்பி முனை வழியே செலுத்துகிறது. நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகக் கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-ல் காப்புரிமை பெற்றார். இன்றும் மின் அடுப்புகளில் சிவந்து ஒளிர்வது இதன் வகைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வகையின் செம்பு முனை 5 கிராம் எடை உள்ளது என்று கொள்வோம். மரத்தில் பட்டதும் அது 100 டிகிரி குளிர்ந்துவிட்டால், இழந்த வெப்பம் 5 × 0.39 × 100, அதாவது ஏறத்தாழ 195 ஜூல். 25 வாட் சுருள் இதை ஈடுசெய்ய ஏறக்குறைய 8 விநாடி ஆகும். 0.2 கிராம் எடையுள்ள நிக்ரோம் கம்பி 100 டிகிரி குளிர்ந்தால் இழப்பது 0.2 × 0.45 × 100, அதாவது 9 ஜூல்தான். 20 வாட் கிடைத்தால் அரை விநாடிக்குள் மீண்டுவிடும். (இரண்டிலும் காற்றுக்குப் போகும் வெப்பத்தை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.)

இதனால் தெரிவது என்ன? கனமான முனை மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே குளிரும். கோட்டின் தொடக்கம் கருப்பாகவும் முடிவு வெளிறியும் போகும். நடுவில் நிறுத்தி, மறுபடி சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். மெல்லிய கம்பி முனை சட்டென்று மீளும். ஆனால் கை பழகாதவர் ஒரு நொடி தயங்கினாலும் பலகையில் குழி விழுந்துவிடும். எனவே தொடக்கநிலை மாணவருக்கு நடுவில் உள்ள இரண்டாவது வகையே ஏற்றது என்பேன்.

திருகு ஏன் அவசியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுருளின் மின்தடை மாறவில்லை என்றால், அதில் செலவாகும் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 230 வோல்ட்டில் 25 வாட் தரும் கோல், வோல்ட்டேஜ் 200 ஆகக் குறைந்த மாலை நேரத்தில் 19 வாட்தான் தரும். காலையில் இழுத்த கோடும் மாலையில் இழுத்த கோடும் ஒரே நிறத்தில் வராது. ‘என் கை சரியில்லை’ என்று நீங்கள் வருந்துவீர்கள். குற்றம் கையில் இல்லை! ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: திருகு இல்லாத கோலை மின்விசிறி ரெகுலேட்டருடன் நீங்களாக இணைத்துப் பார்க்க வேண்டாம். அது 230 வோல்ட்டுடன் விளையாடுவது.

முனைகளைப் பொறுத்தவரை மூன்று போதும். கோடு இழுக்கக் கத்திபோன்ற முனை, புள்ளி வைக்க உருண்டை முனை, நிழல் தீட்டத் தட்டையான முனை. மீதி முப்பத்தேழும் பெட்டியில் உறங்கத்தான் போகின்றன.

மரம் எப்படிக் கருகுகிறது?

மரம் என்பது பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனது: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். சூடேறும்போது முதலில் ஈரம் ஆவியாகிறது. ஏறத்தாழ 220 டிகிரியிலிருந்து ஹெமிசெல்லுலோஸ் சிதையத் தொடங்குகிறது, பலகை பழுப்பாகிறது. 315 டிகிரிக்கு மேல் செல்லுலோஸ் வேகமாகச் சிதைகிறது, கருமை வருகிறது. லிக்னின் பரந்த வெப்பநிலை எல்லையில் மெதுவாகச் சிதைந்து, கரியாக எஞ்சுவதற்குப் பெரும்பங்கு தருகிறது. ஆக, சூட்டோவியத்தில் உள்ள பொன்னிறம், பழுப்பு, கருப்பு எல்லாம் சாயம் அல்ல. ஒரே பலகை வெவ்வேறு அளவுக்குச் சிதைந்ததால் வந்த நிறங்களே.

இவ்வளவு சூட்டிலும் மரத்தில் மெல்லிய கோடு போட முடிவது ஏன்? மரம் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவதால்தான். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மரத்தைப்போல் 2,000 மடங்குக்கும் மேல். வெப்பம் பக்கவாட்டில் பரவாமல் முனை பட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது.

ஆனால் எல்லா மரமும் ஒன்றல்ல. பைன் மரத்தில் வளையங்கள் தெளிவாகத் தெரியும். வெளிர்ப்பட்டை மென்மையானது, கரும்பட்டை அடர்த்தியானது. முனை வெளிர்ப்பட்டையில் புதையும். கரும்பட்டையில் தயங்கித் துள்ளும். கோடு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு, பிசின் உருகி முனையில் ஒட்டிக்கொண்டு புகையும். தேக்கு எண்ணெய்ப்பசை உள்ளது, நிறமும் அடர்ந்தது. அதில் பழுப்புக் கோடு எடுபடாது. தொடக்கநிலைக்கு வேண்டியது வெளிர் நிறமும், ஒரே சீரான இழையும், நன்றாக உலர்ந்த தன்மையும் கொண்ட மரம். சென்னப்பட்டணம் பொம்மைகள் செய்யப் பயன்படும் வெட்பாலை அப்படிப்பட்டது. மலைவேம்பும் வெளிர் நிறம்தான். மரக்கடையில் பெயர் சொல்லி, வண்ணம் பூசாத, ஒட்டுப் போடாத, முழு மரத்துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

பேலட் கட்டை வேண்டவே வேண்டாம்

இப்போது எங்கள் பகுதிக்கு வருவோம். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நீளும் இந்தத் தொழிற்பட்டையில் இயந்திர பாகங்கள் மரப்பெட்டிகளிலும் மரத்தட்டுகளிலும் வந்து போகின்றன. இந்த மரத்தட்டைத் தொழிற்சாலையில் பேலட் என்பார்கள். உடைந்த பேலட்களின் பலகைகள் பழைய மரக் கடைகளுக்கும் வீட்டு அடுப்புகளுக்கும் வந்து சேர்கின்றன. சூட்டோவியம் பழக விரும்பும் மாணவன் கையில் முதலில் கிடைப்பதும் இதுதான். மலிவு, சில சமயம் இலவசம். வெளிர் நிறம், தட்டையானது. ஆசை வராமல் இருக்குமா?

அந்தப் பலகையில் ஒரு முத்திரை இருக்கும், பாருங்கள். ஒரு கோதுமைக் கதிரின் படம், நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஓர் எண், கடைசியில் மேலும் இரண்டு எழுத்துகள். வேடிக்கை என்னவென்றால், பல பேலட்களில் இந்த முத்திரையே காய்ச்சிய அச்சால் சுட்டுப் பதித்ததுதான். அதுவும் ஒரு சூட்டோவியமே!

இந்த முத்திரை ஏன்? மரத்துக்குள் ஒளிந்திருக்கும் வண்டுகள் கப்பலேறி நாடுவிட்டு நாடு போய்விடும். ஆசிய நீள்கொம்பு வண்டு இப்படித்தான் சீனாவிலிருந்து பெட்டி மரத்தில் அமெரிக்காவுக்குப் போயிற்று என்று கருதப்படுகிறது. 1996-ல் நியூயார்க்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அங்கே ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. இதைத் தடுக்க 2002-ல் ஒரு பன்னாட்டு விதி ஏற்கப்பட்டது. அதன்படி பெட்டி மரத்தைப் பக்குவப்படுத்தி முத்திரையிட வேண்டும். முத்திரையில் எச்.டி. என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் வைத்திருந்தார்கள் என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டினார்கள் என்று பொருள். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வாயு அது. ஓசோன் படலத்தையும் அரிக்கும் என்பதால் 1992-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆயினும் இப்படிப்பட்ட பூச்சித் தடுப்புப் பயன்களுக்கு விலக்கு உண்டு.

‘அப்படியானால் எச்.டி. முத்திரை உள்ள பலகையைச் சுடலாம்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கேதான் ஓர் அறிவியல் மாணவர் நின்று யோசிக்க வேண்டும். அந்த முத்திரை என்ன சொல்கிறது? ‘இந்த மரத்தில் உயிருள்ள பூச்சி இல்லை’ என்று சொல்கிறது. அவ்வளவுதான். முத்திரை குத்திய பிறகு இந்தப் பலகையின் மேல் என்ன ஏற்றினார்கள், என்ன கசிந்தது, எந்த எண்ணெய் ஊறியது, எந்த அமிலம் சிந்தியது என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தொழிற்சாலையில் பல ஆண்டு உழைத்த பலகை அது. அதன் வரலாறு நமக்குத் தெரியாது. வரலாறு தெரியாத மரத்தைச் சுட்டு, அதன் புகைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவது அறிவுடைமை ஆகாது.

பேலட் கட்டையில் அலமாரி செய்யலாம், செடித்தொட்டிக்கு மேடை செய்யலாம். சுடுவது மட்டும் வேண்டாம். அடுப்பெரிக்கவும் வேண்டாம் என்று வீட்டில் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இதே காரணத்தால் ஒட்டுப்பலகையும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையும் வேண்டாம். அவற்றை ஒட்டும் பசை பெரும்பாலும் யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது. சூடேறினால் ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வகைப்படுத்திவிட்டது. வார்னிஷ் அடித்த மரம், பெயிண்ட் பூசிய மரம், மைக்கா ஒட்டிய மரம் ஆகியவையும் கூடாது. வார்னிஷோ மெழுகோ பூச விரும்பினால், வரைந்து முடித்த பிறகுதான் பூச வேண்டும்.

தோட்டத்தில் கிடைக்கும் கட்டையிலும் கவனம் வேண்டும. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. அதன் புகையும் ஆகாது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை, பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்றும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும். கட்டையை எரித்த புகையும் கண்ணைத் தாக்கும். பெயர் தெரியாத மரத்தைச் சுடாதீர்கள் என்பதே சுருக்கமான விதி.

நல்ல மரத்தின் புகையும் புகைதான்

நஞ்சில்லாத மரமே ஆனாலும் புகையில் மிக நுண்ணிய கரித்துகள்கள் உண்டு. அவை நுரையீரலின் உட்பகுதி வரை போகும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் துகள்களில் பெரும்பகுதி உள்ளே போகும். வாயுவோ முழுவதும் போகும். எனவே காற்றோட்டமே முதல் பாதுகாப்பு. திறந்த சன்னல் பக்கம் உட்காருங்கள். சிறு மின்விசிறி இருந்தால் அதைப் பலகையை நோக்கி வைக்காமல், புகையை உங்களிடமிருந்து சன்னல் பக்கம் இழுக்கும்படி வையுங்கள். காற்று நேராக முனையில் பட்டால் முனை குளிர்ந்து கோடு வெளிறும். மர இழைத்தூளும் தீங்கானதே. உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள்.

வாங்கும் முன் இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். மூன்று முள் பிளக் உள்ள கோலாக இருக்க வேண்டும். உள்ளே காப்பு பழுதாகி மின்சாரம் உலோகப் பகுதிக்கு வந்தால், அதைத் தரைக்குக் கொண்டுபோவது அந்த மூன்றாவது முள்தான். கோலை வைக்க ஓர் உலோகத் தாங்கி அவசியம்; அது கவிழாதபடி கனமாக இருக்கட்டும். முனையை மாற்றுவதானால் கோல் முற்றிலும் குளிர்ந்த பிறகு குறடால் மாற்றுங்கள். சூடான பித்தளை மென்மையாக இருக்கும், மரை அழிந்துவிடும். அண்ணன் வைத்திருக்கும் பழைய சால்டரிங் அயர்னை இதற்கு எடுக்காதீர்கள். அதன் முனையில் ஈயம் ஒட்டியிருக்கும். அது பலகைக்கும் கைக்கும் வந்து சேரும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். கை சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம்.

இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, மாணவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று சில பெற்றோர் சொல்லக்கூடும். அதை நான் ஏற்கவில்லை. இந்தத் தொழிற்பட்டையில் வளரும் பிள்ளைகளில் பலர் நாளை சூடான உலோகத்துடனும் இரசாயனத்துடனும் வேலை செய்யப் போகிறவர்கள். ஒரு முத்திரையைப் படித்து, அது சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறியும் பழக்கம் பள்ளியிலேயே வரட்டும்.

விலை கட்டுப்படியாகாதே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என் யோசனை: ஆளுக்கொரு மலிவுப் பெட்டி வாங்குவதற்குப் பதில், பள்ளி அறிவியல் மன்றம் திருகு வைத்த நல்ல கோல் ஒன்றிரண்டு வாங்கட்டும். ஐந்து பேர் முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஆசிரியரின் மேற்பார்வையும் கிடைத்துவிடும்.

கோல் கைக்கு வந்ததும் உடனே மயிலும் தாமரையும் வரையத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு சோதனைப் பலகை செய்யுங்கள். வெட்பாலையோ மலைவேம்போ, ஒரு துண்டை 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். திருகை ஓர் இடத்தில் நிறுத்தி, முனையை 1, 2, 3, 4, 5 விநாடி வைத்து ஐந்து புள்ளிகள் இடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் முன் முனை மீண்டும் சூடேற ஒரே அளவு நேரம் கொடுங்கள். பிறகு திருகைச் சற்றுக் கூட்டி, கீழே இன்னொரு வரிசை. இப்படி நான்கு வரிசை. எந்தச் சூட்டில் எத்தனை விநாடிக்கு எந்த நிறம் என்ற அட்டவணை உங்கள் பலகையிலேயே கிடைத்துவிடும். வேறு மரத்துண்டு ஒன்றில் இதையே திரும்பச் செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மரம் முதலில் பழுத்தது? ஏன்? உங்கள் விடையை எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள்.